தடமில்லாத கிழக்குப் பக்கம்: மவுண்ட் ஆடம்ஸ் மலையைச் சுற்றி நடக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது மவுண்ட் ஆடம்ஸ். உயரம் 12,276 அடி (3,742 மீட்டர்). மாநிலத்தில் மவுண்ட் ரெய்னியருக்கு அடுத்த பெரிய மலை; பனியாறுகள் போர்த்திய எரிமலை. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான யாகமா மக்கள் இதைப் பாட்டோ என்பார்கள். தெற்கு, மேற்கு, வடக்கு மூன்று பக்கமும் நல்ல நடைத்தடம் உண்டு. கிழக்கில் கிடையாது. அந்த இடைவெளியையும் கடந்து முழுச் சுற்று நடக்கத் திட்டமிடுகிறவர்களுக்காக இந்தப் பக்கம்.

முழுச் சுற்று எவ்வளவு தூரம்? எத்தனை நாள் வேண்டும்?

ஏறத்தாழ 55 கி.மீ. இதில் தடமில்லாத பகுதி சுமார் 7 கி.மீ.தான், ஆனால் அதற்கே ஒரு முழு நாள் போய்விடும். மீதி 48 கி.மீ. சாதாரண மலைநடை.

ஐந்து நாள், நான்கு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு மட்டும் ஆறு நாளுக்கு இருக்கட்டும். ஆற்றில் தண்ணீர் அதிகமாக இருந்தால் கரையில் ஓர் இரவு காத்திருந்து மறுநாள் விடியலில் கடப்பதுதான் சரியான முடிவு. கையில் சாப்பாடு இல்லாதவர் காத்திருக்க மாட்டார், இறங்கிவிடுவார். விபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கிழக்கில் அப்படி என்ன கஷ்டம்? பனியாறு மேல் நடக்க வேண்டுமா?

பனியாற்றைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையான சிக்கல் அதற்குக் கீழே இருக்கிறது. கிழக்கு முகத்தில் கிளிக்கிடாட், ரஸ்க் என்று இரண்டு பனியாறுகள். அவற்றின் அடியிலிருந்து பிக் மட்டி கிரீக், ரஸ்க் கிரீக் என்ற இரண்டு ஓடைகள் சாம்பல் நிறத்தில் சீறிக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவில் பேட்டில்மென்ட் ரிட்ஜ் என்ற உளுத்துப்போன முகடு. ஒவ்வொரு ஓடைக்கும் இரு கரையிலும் மொரைன் சுவர்கள். பனியாறு ஒரு காலத்தில் தள்ளிக்கொண்டு வந்து குவித்துவிட்டுப் பின்வாங்கிய கல்லும் மண்ணும்தான் மொரைன். எதுவும் எதோடும் ஒட்டியிருக்காது.

ஆக, இரண்டு ஓடை, நான்கு சுவர். இந்த இரண்டுக்கும் எஜமான் சூரியன். வெயில் ஏற ஏறப் பனி உருகும், ஓடை பெருகும். இரவில் உறைந்து பிடித்திருந்த கற்களும் விடுபட்டு உருளும். மொத்தத் திட்டத்தையும் அந்த ஒரு காலைப்பொழுதை மனதில் வைத்துப் போடுங்கள்.

கஷ்டமான இடத்தைத் தவிர்த்து, கொஞ்சம் கீழே இறங்கிச் சுற்றிப் போக முடியாதா?

முடியாது. கிழக்குச் சரிவு யாகமா மக்களின் நிலம். 1855 ஒப்பந்தப்படி அவர்களுக்குச் சேர வேண்டியது, எல்லை அளந்ததில் நடந்த பிழையால் கைவிட்டுப் போய், 1972-இல் அதிபர் நிக்சனின் ஆணையால் சுமார் 21,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. அதில் ஒரு பகுதியை மவுண்ட் ஆடம்ஸ் பொழுதுபோக்குப் பகுதி என்று கோடைக்காலத்தில் மட்டும், கட்டணம் வாங்கிக்கொண்டு, வெளியாருக்குத் திறந்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே உள்ள காடு வெளியாருக்கு மூடிய இடம். 'ஓடை கீழே அகலமாக இருக்கும், அங்கே கடந்துவிடலாம்' என்று இறங்கினால் நீங்கள் அத்துமீறி நுழைந்தவர். உயரத்திலேயே சுற்றியாக வேண்டியதற்கு அதுதான் காரணம்.

என்னென்ன அனுமதி வாங்க வேண்டும்?

மூன்று. மேற்குப் பாதி கிஃபோர்ட் பின்ஷோ தேசிய வனத்துக்குள் இருக்கும் மவுண்ட் ஆடம்ஸ் வனப்பகுதி. அதற்கான நுழைவுச் சீட்டைத் தடத்தின் தொடக்கத்தில் நீங்களே எழுதிக் கிழித்துக்கொள்ளலாம், காசு இல்லை. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை 7,000 அடிக்கு மேலே போகிற 16 வயது நிரம்பியவர்களுக்கு மலையேற்ற அனுமதி தனியாக வேண்டும், கட்டணம் உண்டு. உச்சிக்குப் போகிறவர்களுக்குத்தானே என்று விட்டுவிடாதீர்கள், இந்தச் சுற்றும் அந்த உயரத்தைத் தாண்டுகிறது. மூன்றாவது யாகமா அனுமதி.

யாகமா தரப்பில் பேசும்போது இரண்டு விஷயத்தைத் தெளிவாகக் கேளுங்கள்: இந்த ஆண்டு திறந்திருக்கிறதா, குறித்த முகாம் இடங்களுக்கு வெளியே இரவு தங்கலாமா. அனுமதி எந்தக் கோடு வரை செல்லும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். 2015-இல் கூகர் கிரீக் காட்டுத்தீக்குப் பிறகு அந்தப் பக்கம் பல பருவங்கள் மூடியே கிடந்தது. 'போன வருஷம் ஒருத்தர் போனார்' என்பது அனுமதி ஆகாது. கிடைக்காவிட்டால் சுற்று இல்லை, அவ்வளவுதான்; மேற்குப் பாதியை மட்டும் போய்த் திரும்புங்கள், அதுவே அழகான நடை.

வனத்துறை விவரங்களுக்குத் தெற்கே ட்ரௌட் லேக் ஊரில் ரேஞ்சர் அலுவலகம் இருக்கிறது. சுற்றுத் தடங்களைவிட உயரமான இடங்களில் விறகு மூட்டித் தீ வளர்க்கத் தடை. ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் கூடாது.

எந்த மாதம் போகலாம்?

ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. ஜூலையில் மேல்தடங்களில் பனி கிடக்கும். பனி உருகும் உச்சமும் அப்போதுதான், ஓடைகள் மிரட்டும். கொசுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறந்து சாப்பிட முடியாது.

செப்டம்பரில் இரவுகள் நீண்டு குளிர்வதால் ஓடைகள் அடங்கும். மறுபக்கம், பகல் குறையும், மாதக் கடைசியில் புதுப்பனி விழ ஆரம்பிக்கும். பாறைமேல் ஐந்து செ.மீ. புதுப்பனி விழுந்தாலே போதும், மொரைனில் எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று தெரியாமல் போய்விடும். இன்னொன்று காட்டுத்தீப் புகை. ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டுமே தீ மாதங்கள். 2012-இல் தென்மேற்குச் சரிவு எரிந்தது, 2024-இல் மறுபடி. புறப்படும் அன்று காலை வரை தீ நிலவரத்தையும் தடங்கள் மூடியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

வலமாகச் சுற்றுவதா, இடமாகவா?

கிரிவலம் போய்ப் பழகியவர்களுக்கு மலை வலக்கைப் பக்கம் இருப்பதுதான் முறை. இங்கே எங்கள் பரிந்துரை அதற்கு நேர்மாறு: இடமாகச் சுற்றுங்கள். தெற்கே தொடங்கி, கிழக்கை இரண்டாம் நாளே முடித்துவிட்டு, வடக்கு, மேற்கு வழியாகத் திரும்புங்கள்.

காரணம் மூன்று. வானிலை முன்னறிவிப்பை இரண்டு நாளுக்கு நம்பலாம், நான்கு நாளுக்கு நம்ப முடியாது. கிழக்கில் முடியவில்லை என்று தெரிந்தால் ஒரே நாளில் வண்டிக்குத் திரும்பிவிடலாம். வலமாகப் போய்ச் சிக்கினால் மூன்று நாள் நடந்த தூரத்தைத் திரும்ப நடக்க வேண்டும். அந்த நினைப்பே ஆளை ஓடையில் இறக்கிவிடும். மூன்றாவதுதான் முக்கியம்: தெற்கிலிருந்து வந்தால் முதல் நாள் மாலை ரிட்ஜ் ஆஃப் ஒண்டர்ஸ் முகட்டில் நின்று, நாளைக்குக் கடக்கப்போகிற பிக் மட்டி பள்ளத்தாக்கையும் எதிர்ச்சுவரையும் நேரில் பார்த்துவிடலாம்.

இதில் குறை ஒன்று உண்டு. மூட்டை நிறைந்திருக்கும் நாளில்தான் மோசமான இறக்கம் வரும். அதனால் மூட்டை, சாப்பாடு தண்ணீர் எல்லாம் சேர்த்து, 14 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள்வாரியாகத் திட்டம் சொல்ல முடியுமா?

முதல் நாள்: கோல்ட் ஸ்பிரிங்ஸ் (5,600 அடி) வரை வண்டி. ட்ரௌட் லேக்கிலிருந்து வரும் மண்பாதையின் கடைசி சில கிலோமீட்டர் குண்டும் குழியும். தாழ்ந்த காருக்கு அடி தட்டும். அங்கிருந்து தெற்கு ஏற்றத் தடத்தில் இரண்டு கி.மீ. ஏறினால் 9-ஆம் எண் 'ரவுண்ட் த மவுண்டன்' தடம் குறுக்கிடும். வலப்பக்கம், கிழக்கே திரும்புங்கள். பேர்ட் கிரீக் மெடோஸ் புல்வெளிகள், பிறகு ஹெல்ரோரிங் பள்ளத்தாக்கைப் பார்க்கும் முனை. அதோடு தடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகட்டை ஒட்டியே மேலேறினால் மசாமா பனியாற்றின் அடியில் சன்ரைஸ் கேம்ப் என்ற கல்மேடு, சுமார் 8,300 அடியில். காற்று அடிக்கும், கற்களை அடுக்கி மறைப்புக் கட்டிய இடங்கள் இருக்கும். பனியாற்றின் விளிம்பில் வழுக்கும் பனி கிடந்தால் கிராம்பான் (ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்சட்டம்) போட்டுக்கொள்ளுங்கள். நூறு மீட்டர்தானே என்று சோம்பல்பட வேண்டாம்.

இரண்டாம் நாள்: விடிவதற்கு முன் கிளம்பி பிக் மட்டி, பேட்டில்மென்ட் ரிட்ஜ், ரஸ்க் கிரீக், கடைசியில் அவலாஞ்ச் வேலி என்ற பள்ளத்தாக்கு. 7 கி.மீ., பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். கணக்கில் பிழையில்லை. மொரைனில் மணிக்கு ஒரு கி.மீ. போனால் நல்ல வேகம்.

மூன்றாம் நாள்: டெவில்ஸ் கார்டன்ஸ் (சுமார் 7,700 அடி) எரிமலைக் கல்வெளியில் ஏறி ஹைலைன் தடத்தைப் பிடித்து, வழியில் ஃபாகி ஃப்ளாட் புல்வெளியும் மட்டி ஃபோர்க் ஓடையும் தாண்டி, கில்லன் கிரீக் பக்கம். நான்காம் நாள் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்ற நெடுந்தூர நடைத்தடத்தில் தெற்கே, ஹார்ஸ்ஷூ மெடோ வரை. ஐந்தாம் நாள் 9-ஆம் தடத்தில் வண்டிக்கு. கடைசி இரண்டு நாள் பற்றி எழுத அதிகமில்லை. பூவும் புல்லும் ஆடம்ஸ் பனியாற்றின் முழு முகமும். ஆடம்ஸ் கிரீக்கை மட்டும் காலையில் கடங்கள்.

முந்தைய மாலை முகட்டில் நின்று என்ன பார்க்க வேண்டும்?

நான்கு மணிவாக்கில், வெயில் பக்கவாட்டில் விழும்போது போங்கள். நிழல் விழுந்தால்தான் பள்ளமும் மேடும் தெரியும். சின்ன பைனாகுலர் அல்லது ஃபோன் ஜூம்.

முதலில் எதிர்க்கரைச் சுவரைப் பாருங்கள். சுவர் முழுதும் ஒரே செங்குத்தாக இருக்காது. எங்கோ ஒரு கிளை ஓடையோ பழைய சரிவோ அதைக் கிழித்திருக்கும். ஏறும் வாசல் அதுதான். அதற்கு நேர் எதிரே நம் பக்கத்தில் இறங்கும் வாசல் இருக்கிறதா பாருங்கள். இரண்டுக்கும் இடையில் தண்ணீர் ஒரே வாய்க்காலாக ஓடுகிறதா, நாலைந்து பிரிவாகப் பரந்து ஓடுகிறதா? பரந்த இடம்தான் வேண்டும். குறுகிய இடம் தாண்டிவிடலாம் போலத் தெரியும், அங்கேதான் ஆழமும் வேகமும்.

பார்த்ததை ஃபோட்டோ எடுத்து, அதன்மேல் விரலால் கோடு வரைந்து வையுங்கள். மறுநாள் பள்ளத்துக்குள் இறங்கியதும் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. அந்தப் படம்தான் வழி.

பிக் மட்டியை எத்தனை மணிக்குக் கடப்பது?

காலை எட்டுக்குள். பனியாற்று ஓடைகளில் தண்ணீர் விடியலை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும், பிற்பகலிலும் அந்திவேளையிலும் உச்சம். கிழக்கு முகத்தில் இன்னொரு விஷயமும் சேர்கிறது: சூரியன் எழுந்ததும் முதல் வெயில் இந்தப் பனியாறுகள்மீதே விழுகிறது. மேற்குப் பக்க ஓடை பதினொரு மணிக்கும் சாதுவாக இருக்கும். இங்கே பத்து மணிக்கே ஏற ஆரம்பித்துவிடும். ரஸ்க் கிரீக்கும் இதே கதைதான், அதனால் பிக் மட்டி தாண்டியதும் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

மேகம் மூடி வெதுவெதுப்பாக இருந்த இரவுக்கு அடுத்த காலை ஏமாற்றும். இரவில் உறையவில்லை என்றால் விடியலிலும் தண்ணீர் குறையாது. மழை பெய்த இரவு என்றால் கேட்கவே வேண்டாம்.

கரையில் ஒரு சோதனை. தண்ணீர் விளிம்பைத் தொட்டாற்போல் கைமுட்டி அளவு கல் ஒன்றை வையுங்கள். இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள். கல்லைச் சுற்றி ஈரமண் தெரிந்தால் தண்ணீர் இறங்குகிறது, காத்திருக்கலாம். கல்லின் அடி நனைந்திருந்தால் ஏறுகிறது. உடனே கடக்க வேண்டும், அல்லது அன்றைக்குக் கைவிட வேண்டும்.

ஓடையில் இறங்கும் முறை?

காதைக் கொடுங்கள் முதலில். தண்ணீருக்குள்ளே 'கடக் கடக்' என்று ஆழத்தில் சத்தம் கேட்டால் பாறைகள் உருண்டுகொண்டிருக்கின்றன. கணுக்கால் உடைய அது போதும். அந்த இடம் வேண்டாம்.

மாவுபோல அரைபட்ட கல்தூள் கலந்த தண்ணீர், அடி தெரியாது. நடைக்கோலால் முன்னே குத்திப் பார்த்து, இடம் உறுதியான பிறகே காலை மாற்றுங்கள். ஷூவைக் கழற்றாதீர்கள். சாக்ஸையும் ஷூவுக்குள் இருக்கும் பாத அட்டையையும் மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு வெறும் ஷூவோடு இறங்கினால், அக்கரையில் காலை உலர்த்தி காய்ந்த சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். மூட்டையின் இடுப்புப் பட்டை, மார்புப் பட்டை இரண்டையும் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் மூட்டையைக் கழற்றி எறிய முடிய வேண்டும். முகம் நீரோட்டத்தை எதிர்நோக்கி, பக்கவாட்டில், சற்றே கீழ்நோக்கிச் சாய்வாக நகருங்கள். மூன்று பேர் என்றால் பலசாலி முன்னால் நீரை உடைக்க, மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் மூட்டையைப் பிடித்தபடி.

வேகமான தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் திரும்புங்கள். உடம்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கவே கூடாது. கேட்கப் பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் விழுந்தவரை நீரோட்டம் கயிற்றின் நீளத்துக்கு இழுத்துப் போய் அங்கேயே அமுக்கி வைத்துவிடும்.

தண்ணீர் இப்போதுதான் பனியாக இருந்தது. ஒரு நிமிடத்தில் பாதம் மரத்துப்போகும். அதனால் பல வாய்க்கால்களைக் கடக்கும்போது நடுவில் வரும் கல்திட்டில் நின்று உணர்வு வரும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள்.

ஓடைக்குப் பதில் பனியாற்றின் மேலேயே கடந்தால்?

சிலர் அப்படித்தான் போகிறார்கள். பனியாற்றின் நுனிக்கு மேலே கடந்தால் ஓடையே குறுக்கிடாது. விலை வேறு வடிவத்தில் கொடுக்க வேண்டும். கிளிக்கிடாட் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கும். பார்க்க மண்தரை, காலை வைத்தால் அடியில் கண்ணாடிபோல் பனிக்கட்டி. மேலே உள்ள செங்குத்துகளிலிருந்து கல் விழும் பாதையும் அதுவே. பருவக் கடைசியில் வெடிப்புகள் திறந்து கண்ணுக்குத் தெரியும். ஜூலையில் பனிமூடி மறைத்திருக்கும்.

கிராம்பான், ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடரி, கயிறு, வெடிப்பில் விழுந்தவரைத் தூக்கும் பயிற்சி நான்கும் இருக்கிறவர்கள் மட்டும் யோசிக்கலாம். வாங்கிய கிராம்பானை முதல்முறை இங்கே மாட்டிப் பார்க்க வேண்டாம். ஓடை புறப்படும் பனிக்குகை வாயருகே யாருமே நிற்கக் கூடாது. அதன் கூரை எச்சரிக்காமல் இறங்கும்.

மொரைன் சுவரில் ஏறி இறங்குவது எப்படி?

பனியாற்றுப் பக்கம் இருக்கும் உள்முகம் செங்குத்து, வெளிமுகம் சற்றுச் சாய்வு. வெயிலில் காய்ந்த உள்முகம் சிமென்ட்போல் இறுகியிருக்கும், அதன்மேல் கோலிக்குண்டு தூவியதுபோல் சின்னக் கற்கள். குதிகால் பதியாது. நடுநடுவே ஃபிரிட்ஜ் அளவு பாறைகள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிடித்து ஏறாதீர்கள், அவற்றுக்கு நேர்கீழே ஓய்வெடுக்காதீர்கள்.

ஒருவர் கோட்டுக்கு நேர்கீழே இன்னொருவர் வரக்கூடாது. ஒருவர் பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் குரல் கொடுத்த பிறகு அடுத்தவர். இடமில்லாவிட்டால் ஒருவர் காலடியில் ஒருவர் ஒட்டி ஏறுங்கள்: கல் நகர்ந்தாலும் வேகம் பிடிக்கும் முன் நின்றுவிடும். முப்பது மீட்டர் இடைவெளிதான் மிக மோசம். ஹெல்மெட் கட்டாயம். கையுறையும். தோட்டவேலைக்கு விற்கும் தோல் கையுறை போதும், எரிமலைக் கல் விரலை அரம்போல ராவிவிடும்.

அந்தப் பக்கம் மலை இடிந்து விழுந்திருக்கிறதாமே?

ஆம். 1997-இல் ஏழு வார இடைவெளியில் இரண்டு முறை. ஆகஸ்ட் 31 அன்று மேற்கே அவலாஞ்ச் பனியாற்றுப் பக்கம் (கிழக்கே இருக்கும் அவலாஞ்ச் வேலி வேறு), அக்டோபர் 20 அன்று கிழக்கே கிளிக்கிடாட் பனியாற்றின் மேல். 1921-இல் மேற்கில் ஒரு பெரிய சரிவு நடந்தது. மலையின் மேற்பகுதிப் பாறை காலகாலமாகக் கந்தக ஆவியில் வெந்து, பாதி களிமண்ணாகிவிட்டது. 1930-களில் உச்சியில் கந்தகம் தோண்டக்கூட முயன்றார்கள். அந்த உளுத்த பாறைதான் பெயர்ந்து விழுகிறது.

எப்போது விழும் என்று யாராலும் நேரம் குறிக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்றே: பிக் மட்டி, ரஸ்க் பள்ளங்களின் அடியில் கூடாரம் போடாதீர்கள், அங்கே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். கடந்து மேலேறிய பிறகுதான் காலை உணவு.

அவலாஞ்ச் வேலியில் தங்குவது ஆபத்தா? பெயரே பனிச்சரிவுப் பள்ளத்தாக்கு என்கிறதே?

கோடையில் இல்லை. பசும்புல், கல்லடியிலிருந்து குபுகுபுவென்று தெளிந்த ஊற்றுநீர். நாள்முழுக்கச் சாம்பல் தண்ணீரைப் பார்த்த கண்ணுக்கு அது நம்ப முடியாத காட்சி.

தண்ணீரும் சாப்பாடும்?

பனியாற்று நீரை ஃபில்டரில் நேராக ஊற்றினால் கல்தூள் அடைத்து அன்றே அது செத்துவிடும். பாத்திரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரைத் துணியில் வடித்து, பிறகு ஃபில்டர். முடிந்தவரை பக்க ஊற்றுகளிலிருந்து பிடியுங்கள். இரண்டாம் நாள் முகாமிலிருந்து கிளம்பும்போதே ஆளுக்கு இரண்டு லிட்டர் தெளிந்த நீர் இருக்கட்டும். நுண்குழாய் ஃபில்டர் ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே கிழிந்துபோகும், வெளியே தெரியாது. இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 700 கிராம் உலர் உணவு. 2,000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் வேக நெடுநேரம் ஆகும், கேஸ்தான் தீரும். அவல், வறுத்த ரவை உப்புமா மிக்ஸ், கொதிநீர் ஊற்றி மூடி வைத்தால் ஆகிவிடுபவை மட்டும் எடுங்கள். தண்ணீர் கொதிக்கவைக்க மட்டும் என்றால் இரண்டு பேருக்கு 230 கிராம் கேஸ் குப்பி ஒன்று ஐந்து நாளுக்குச் சரியாக வரும். கருங்கரடி உள்ள மலை. உணவுப் பையைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். மரமே இல்லாத உயரத்தில் கட்டித் தொங்கவிடவும் முடியாது, ஆகவே கரடிக்குத் திறக்காத டப்பா நல்லது.

ஜிபிஎஸ் இருக்கிறது. வரைபடம் எதற்கு?

யாரோ பதிவேற்றிய ஜிபிஎஸ் கோடு போன வருடத்து ஓடையைக் கடந்த கோடு. ஓடை இந்த வருடம் இடம் மாறியிருக்கும், அவர் ஏறிய சுவர் சரிந்திருக்கும். அதைத் திசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், காலடிக்கு நம்பாதீர்கள்.

அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் 1:24,000 தாள்களில் முக்கியமானவை இரண்டு: மவுண்ட் ஆடம்ஸ் ஈஸ்ட், மவுண்ட் ஆடம்ஸ் வெஸ்ட். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. உயரக்கோடுகளுக்கு இடைவெளி 40 அடி. 30 அடி செங்குத்துச் சுவர் இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். வரைபடத்தில் சாதுவான சரிவு, நேரில் மூன்று மாடிச் சுவர். காந்த ஊசி அங்கே உண்மை வடக்கிலிருந்து கிழக்கே சுமார் 15 பாகை விலகி நிற்கும். காம்பஸில் திருத்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்குவியல் அடையாளங்கள் டெவில்ஸ் கார்டன்ஸ் பக்கம் உதவும். ஓடைகளின் நடுப்பகுதியில் பார்ப்பவை வழி தவறியவர்கள் வைத்ததாகவும் இருக்கலாம்.

மேகம் மூடினால் கிழக்கில் நடக்காதீர்கள். உட்காருங்கள்.

எப்போது திரும்ப வேண்டும்?

வீட்டிலேயே எழுதி வையுங்கள். முகட்டில் வாசல் எதுவும் கண்ணுக்குப் படவில்லை என்றால். ஒன்பது மணிக்கு இன்னும் பிக் மட்டி கடக்கவில்லை என்றால். குழுவில் ஒருவருக்குக் கால் நடுங்குகிறது என்றால். பிக் மட்டியைக் கடந்து, ரஸ்க் மிரட்டுகிறது என்றால் நீங்கள் இரண்டு ஓடைக்கும் நடுவில். பிக் மட்டியும் இப்போது பெருகியிருக்கும். அப்போது சரியான செயல், பேட்டில்மென்ட் ரிட்ஜின் கீழ்த்தோளில், கல் உருளாத சமதளம் பார்த்து இரவு தங்கி, மறுநாள் விடியலில் கடப்பது. ஆறாம் நாள் சாப்பாடு அதற்குத்தான்.

கிழக்கில் ஃபோன் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி ஒரு குழுவுக்கு ஒன்றாவது வேண்டும். உதவி கேட்டாலும் ஆள் வந்துசேர ஒரு நாள் ஆகலாம் என்று வைத்துக்கொண்டே மருந்தும் உடையும் எடுங்கள்.

தனியாகப் போகலாமா?

மேற்குப் பாதி, தாராளமாக. கிழக்குக்கு மூன்று அல்லது நான்கு பேர். இரண்டு பேரில் ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் அவரை விட்டு நகர முடியாது. ஆறு பேர் என்றால் மொரைனில் ஒருவருக்காக ஒருவர் காத்தே காலை போய்விடும்.

நாயைக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம். எரிமலைக் கல்லில் அரை நாளிலேயே அதன் பாதம் கிழிந்துவிடும். அப்புறம் இருபது முப்பது கிலோவைத் தோளில் சுமந்துகொண்டு பிக் மட்டியில் இறங்க வேண்டியிருக்கும்.